சந்தோசமுங்க, ஆனா தண்ணி நாறுதுங்க

பொன்னொளி தொழில்நுட்பக் கல்லூரியின் தாளாளர் ரங்கராஜ் அவர்களுக்கு ஒரு வலைப்பூ இருந்தது. 'இதயத்தின் ஈரம்' என்று பெயர். திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு கட்டுரை வரும். தாளாளர் காரில் வரும்போதே போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். தமிழ் உதவிப் பேராசிரியர் மோகனப்பிரியா அதைத் தட்டச்சு செய்து, சந்திப்பிழை நீக்கி, மேலே ஒரு தாமரைப் படம் வைத்து ஏற்றுவாள். மதிய உணவு மணி அடிப்பதற்குள் ஆசிரியர்கள் எல்லோரும் பின்னூட்டம் இட வேண்டும். கட்டுரையைப் படிப்பது அவரவர் விருப்பம். பின்னூட்டம் கட்டாயம்.

மோகனப்பிரியா முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழர் மரபு பாடம் எடுக்க வந்தவள். அவிநாசியிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருவாள். கணவன் வேலை பார்த்த பனியன் கம்பெனி மூடிக் கிடந்ததால் வீடு இவள் வேலையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வலைப்பூ வேலையைத் தலையில் கட்டியபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாரக் கட்டுரை தண்ணீரைப் பற்றியது. "சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். அந்தச் சுவையை என் மாணவச் செல்வங்களும் அறிய வேண்டும் என்பதற்காக, நம் விடுதியின் ஒவ்வொரு குழாயையும் என் இதயத்தோடு இணைத்திருக்கிறேன்" என்று தாளாளர் பேசியிருந்தார். கல்லூரி இருந்த இடத்துக்குச் சிறுவாணிக் குழாய் வந்ததே கிடையாது. விடுதிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. 'கண்கள் பனித்தன ஐயா' என்றது இயந்திரவியல் துறை. 'தண்ணீர் என்றால் என்னவென்று இன்றுதான் புரிந்தது' என்று எழுதினார் வேதியியல் துறைத் தலைவர். அவற்றுக்கு நடுவே இப்படி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது:

'வணக்கமுங்க. சோமனூரு செங்கோடனுங்க. தறி ஓட்டறனுங்க. எம்பட பொண்ணு உங்க ஆஸ்டல்லதான் இருக்குதுங்க. தண்ணி நாறுதுன்னு சொல்லுதுங்க. கொஞ்சம் பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க.'

மோகனப்பிரியா இதைப் படித்துவிட்டு, 'பார்க்கச் சொல்கிறோம் ஐயா' என்று பதில் தட்டினாள். அனுப்புவதற்குள் முதல்வர் அறையிலிருந்து போன் வந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

கூட்ட அரங்கில் துறைத் தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் செங்கோடனின் பின்னூட்டம் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. ஏசி ஓடியும் முதல்வர் கிருபாசங்கருக்கு வியர்த்திருந்தது. தாளாளர் எழுந்தார்.

"கண்ணுகளா, நான் விமர்சனத்துக்கு எதிரி இல்ல. விமர்சனம் வேணும். அது இல்லாம எந்த நிறுவனமும் வளராது. ஆனா விமர்சனம் பண்றவன் மொதல்ல நம்மளப் பாராட்டக் கத்துக்கணும். பாராட்டவே தெரியாதவனுக்கு விமர்சனம் பண்ண என்ன தகுதி இருக்குது? இந்தக் காலேஜை நான் கட்டினப்ப இவன் ஒரு செங்கல் எடுத்துக் குடுத்தானா? தண்ணி நாறுதாம். மூக்கு இவனுக்கு மட்டுந்தான் இருக்குதா? நமக்கெல்லாம் இல்லையா?"

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இடத்திலேயே எதிர்க்கருத்து மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டது.

முதல்வர் மோகனப்பிரியா பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க தமிழு. இதைச் சொல்லுங்க. இந்த நாலு வரில எத்தனை 'ங்க' இருக்குது பாத்தீங்களா? இது நக்கல்தானே?"

"மரியாதைங்க சார்."

"மரியாதைன்னா ஒண்ணு ரெண்டு போதும். இது ஓவர். ஓவரா மரியாதை குடுத்தா அது மெரட்டல்."

"சோமனூர்ப் பக்கம் அப்படித்தானுங்க சார் பேசுவாங்க. நானும் அப்படித்தானுங்களே பேசறேன்."

முதல்வர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "இப்ப நீங்க ஒண்ணு சேத்துப் போட்டீங்க. ஏன்?"

அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் அவள் 'ங்க' சேர்க்காமல் வெறும் 'சார்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பின்னூட்டத்தை அழித்துவிடலாம் என்றார் ஒருவர். அழித்தால் யாராவது அதைப் படம் பிடித்து வைத்திருந்து வேறு இடத்தில் போடுவார்கள் என்றார் கணினித் துறைத் தலைவர். ஆளே போலி என்றார் மூன்றாமவர். சொந்தப் பெயர் போட்டு யாராவது குறை சொல்வார்களா? கணினித் துறை உடனே விசாரணையில் இறங்க வேண்டும், அதற்கிடையில் ஆசிரியர்கள் ஷிப்டு போட்டுப் பாராட்டு எழுதிக் குவிக்க வேண்டும், அந்த வெள்ளத்தில் செங்கோடன் மூழ்கிவிடுவார் என்று முடிவானது. தீர்மானத்துக்குப் 'பாராட்டு வெள்ளம்' என்றே பெயர் வைத்தார்கள்.

மோகனப்பிரியா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "சார், ஒருக்கா அந்தத் தண்ணியைப் பாத்துட்டா…"

முதல்வர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், நாம கூடியிருக்கறது கருத்தைப் பத்திப் பேச. தண்ணி எஸ்டேட் ஆபீஸ் சப்ஜெக்ட்" என்றார் முதல்வர்.

தாளாளர் அவளை ஒரு முறை பார்த்தார். போன பருவத்தில் இயற்பியல் துறைக்காரர் ஒருவர் லேப் உபகரணங்கள் எப்போது வரும் என்று கேட்டபோது இப்படித்தான் பார்த்தாராம். அடுத்த வாரம் அந்த ஆசிரியரின் பெயர்ப்பலகையைக் கழற்றிய ஆணித் துளை மட்டும் சுவரில் இருந்தது.

கூட்டம் முடியும்போது குழுவின் ஒருங்கிணைப்பாளராக மோகனப்பிரியாவை நியமித்தார்கள். கல்லூரிகளை மதிப்பிட்டு மதிப்பெண் போடும் தரச்சான்றுக் குழு பார்வையிட வரும்போது வலைப்பூவில் ஒரு எதிர்மறைக் கருத்துகூட இருக்கக் கூடாது. இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளம் வந்தது. தேர்வுத் தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு எழுதினார்கள். 'எங்கள் விடுதித் தண்ணீரைக் குடித்தபின் வேறு எதையும் குடிக்கத் தோன்றவில்லை' என்று எழுதியவர் தினமும் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவருபவர். கட்டடவியல் துறை ஒரு வெண்பா எழுதியது. தளை தட்டியதை மோகனப்பிரியா திருத்திக் கொடுத்தாள்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. செங்கோடன் இவை எல்லாவற்றையும் தனக்கு வந்த பதில் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை படித்த பெரிய மனிதர்கள் தன் பொருட்டு மெனக்கெட்டு எழுதும்போது பதில் மரியாதை செய்யாமல் இருப்பது அவருக்கு அழகாகப் படவில்லை. தறிகளுக்கு நடுவே நின்றபடி ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரலால் எழுதினார்: 'சந்தோசமுங்க. ஆனா தண்ணி இன்னும் நாறுதுங்க.'

வெண்பாவின் கீழும் அதுவே. வேதியியல் துறைத் தலைவரின் கீழே மட்டும் ஒரு வரி கூடுதல்: 'நீங்க ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்தாத் தேவலைங்க.'

வெள்ளம் பெருகப் பெருகச் செங்கோடனும் பெருகினார். திரையில் விரலை எங்கே வைத்துத் தள்ளினாலும் தண்ணி நாறியது. விடுதி மாணவிகள் சிரிப்பதற்காகவே வலைப்பூவுக்கு வர ஆரம்பித்தார்கள். தாளாளரின் எழுத்து வாழ்க்கையில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரை அதுதான்.

கணினித் துறை தன் விசாரணையை முடித்து அறிக்கை கொடுத்தது. கருத்திட்டவர் சோமனூரைச் சேர்ந்த செங்கோடன் என்பவர், தறி ஓட்டுகிறார், மகள் விடுதியில் இருக்கிறாள்.

முதல்வர் அறிக்கையைக் கீழே வைத்தார். "பேரைக்கூட மறைக்கல. என்ன துணிச்சல் பாருங்க!"

மகள் பெயர் நந்திதா என்பதும் முதலாண்டு என்பதும் அறிக்கையில் இருந்தது. மோகனப்பிரியாவின் வகுப்புப் பெண். மூன்றாவது வரிசையில் சன்னலோரம் உட்காருவாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

செங்கோடனைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். நேரில் பார்க்கட்டும் என்று மகளின் அறைக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு அவர் முதல்வரின் கட்டடத்துக்கு வந்தார். வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார்.

"வெளித் தண்ணி உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க. சுகாதார விதி."

"இது உங்க ஆஸ்டல் தண்ணிதானுங்க."

காவலாளி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்படின்னா கண்டிப்பா உட முடியாதுங்க."

பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டு, செங்கோடன் வெறுங்கையோடு முதல்வர் அறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டிருந்தார். எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. மோகனப்பிரியா ஓரத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"ஏனுங்க அம்மணி, நந்திதா சொல்லும். நல்லா பாடம் எடுப்பீங்களாமா."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "செங்கோடன், உங்க பொண்ணுக்கு இன்டர்னல் மார்க் இன்னும் போடல. தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"மார்க் போடறவங்க எல்லாம் உங்க கமெண்டைப் படிச்சிருக்காங்க. மனசு ஒடஞ்சு போயிருக்காங்க. மனசு ஒடஞ்சவங்க எப்படி மார்க் போடுவாங்க? நீங்களே சொல்லுங்க. நான் மெரட்டல. உங்க பொண்ணோட எதிர்காலத்தை நினைச்சு ராத்திரி எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

செங்கோடனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. மோகனப்பிரியா பக்கத்தில் போய்க் காட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் ஒவ்வொன்றாக அழித்தார்கள். நெடுநேரம் ஆனது. சந்தோசமுங்க, சந்தோசமுங்க என்று திரையில் வந்து வந்து மறைந்தது.

"அழிச்சுப்போட்டனுங்க" என்றார் செங்கோடன். பிறகு தயங்கினார். "ஏனுங்க சார், தண்ணி?"

"அதான் அழிச்சாச்சே" என்றார் முதல்வர்.

செங்கோடன் போன பிறகு பாராட்டு வெள்ளம் வெற்றிகரமாக வடிந்துவிட்டது என்று தாளாளருக்குத் தகவல் போனது. மாலையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள். மோகனப்பிரியா தன் பங்கைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவன் என்ன விசேஷம் என்று கேட்டான். அவள் ஜிலேபியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சில வாரங்கள் கழித்து, வகுப்பில் நந்திதா மேசையில் தலை சாய்த்துப் படுத்திருந்தாள். மோகனப்பிரியா போய்த் தோளைத் தொட்டாள். உடம்பு கொதித்தது. அந்தப் பெண் நிமிர்ந்தபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

"எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்குது?"

"தெரியல மேம். ரூம்ல எல்லாத்துக்கும் வாந்தி. வெளிய பானிபூரி தின்னதாலயாம். ஆஸ்டல் போர்டுல எழுதிப் போட்டிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் பானிபூரி தின்ன மாட்டேன் மேம்" என்றாள்.

அன்றே விடுதியில் பத்துப் பன்னிரண்டு பெண்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பதற்காகச் சிறப்பு விடுமுறை என்று அறிவிப்பு. வளாகத்தில் இப்போது நோயாளி யாரும் இல்லை. முதல்வர் இதைச் சுகாதாரச் சாதனை என்று பதிவு செய்யச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் தரச்சான்றுக் குழு வருகிற தேதி உறுதியானது. மதிப்பீட்டுக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்த முதல்வர் ஓரிடத்தில் நின்று, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'நிறுவனத்தின் மீதான எதிர்மறைக் கருத்துகளைக் கையாளும் முறை' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதற்குத் தனி மதிப்பெண். இணையத்தில் ஆதாரம் காட்ட வேண்டும்.

வலைப்பூவில் ஒரு எதிர்மறைக் கருத்துகூட இல்லை.

அரங்கில் மறுபடியும் எல்லோரும் கூடினார்கள். தாளாளர் இந்தத் தடவை கை தட்டலுக்காகக் காத்திருக்கவில்லை.

"நமக்கு நெகட்டிவ் கமெண்ட் வேணும். உடனே வேணும். தரமான நெகட்டிவ் கமெண்ட். உங்களுக்கெல்லாம் இங்க என்ன குறை வெச்சேன்? ஒரு குறைகூடச் சொல்லத் தெரியாதா? இத்தனை பேரு படிச்சிருக்கீங்க, ஒருத்தருக்குக்கூட என்னைத் திட்டற தைரியம் இல்லைன்னா வெளிய பாக்கறவன் என்ன நினைப்பான்? இங்க சுதந்திரம் இல்லைன்னு நினைக்க மாட்டானா? நாளைக்குள்ள எல்லாரும் திட்டியாகணும். திட்டாதவங்க மேல நடவடிக்கை எடுப்பேன்."

உத்தரவு அச்சாகி எல்லாத் துறைக்கும் போனது. ஆசிரியர்கள், மாணவர்கள் அனைவரும் தவறாமல் எதிர்மறைக் கருத்து இட வேண்டும். ஒருங்கிணைப்பாளர் மோகனப்பிரியா அவற்றை வெளியிட வேண்டும்.

ஒருவருக்கும் கை ஓடவில்லை. பாராட்டிப் பழகிய விரல்கள். கடைசியில் இயந்திரவியல் துறை எழுதியது: 'தாளாளர் ஓய்வின்றி உழைப்பது எங்களுக்குப் பெரும் வேதனை அளிக்கிறது.' நூலகர் எழுதினார்: 'இங்கே புத்தகங்கள் அதிகம். எதைப் படிப்பதென்று தெரியாமல் திணறுகிறோம். கண்டிக்கிறோம்.'

முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுல நெகட்டிவ் எங்க இருக்குது?"

"கண்டிக்கிறோம்னு போட்டிருக்கனுங்களே சார்" என்றார் நூலகர்.

முதல்வர் மோகனப்பிரியாவைத் தனியே கூப்பிட்டார். "மேடம், நீங்கதான் பண்ணியாகணும். குறை உண்மை மாதிரித் தெரியணும். ஆனா உண்மையா இருக்கக் கூடாது. புரியுதுங்களா? சொதப்பினா உங்களுக்கும் சிரமம், எனக்கும் சிரமம்." அவருக்கும் ஒரு பெயர்ப்பலகை இருந்தது.

அன்று மதியம் அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நந்திதாவைப் பார்க்கக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் படுத்திருந்த பெண்ணின் கை, முகம் எல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. ஈரல் பாதித்திருக்கிறது, குறையுமா கூடுமா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். அதே விடுதியிலிருந்து இன்னொரு பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். டாக்டர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறாராம்: எந்தத் தண்ணி குடிச்சீங்க?

செங்கோடன் வராந்தாவில் நின்றிருந்தார். முகம் மழிக்காமல் ஒடுங்கியிருந்தார்.

"அழிச்சது தப்புங்களா அம்மணி?" என்று கேட்டார். "அழிச்சுப்போட்டா அவிய பாத்துக்குவாங்கன்னு நெனச்சனுங்க."

மோகனப்பிரியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் போனில் தன் விரலும்தானே அழுத்தியது என்று தோன்றியது.

"அண்ணா, இப்ப எல்லாரும் எழுதணும்னு உத்தரவே போட்டிருக்காங்க. எழுதறீங்களா?"

அவர் இரண்டடி பின்னால் போனார். "வேண்டாமுங்க. எம்புள்ள மொதல்ல எந்திரிக்கட்டும். மார்க்கு, படிப்புன்னு மறுக்கா அந்த ரூம்புல போயி நிக்க என்னால ஆகாதுங்க."

அவள் வற்புறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு நின்றபோது போனைத் திறந்தாள். உண்மை மாதிரித் தெரிய வேண்டும், உண்மையாக இருக்கக் கூடாது. அப்படி ஒன்று எழுதத் தன்னால் முடியுமா என்று யோசித்துப் பார்த்தாள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றும் யோசித்தாள். பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. பிறகு தன் பெயரைப் போட்டு, பதவியைப் போட்டு எழுதினாள்.

'நம் பெண்கள் விடுதியின் தண்ணீர் நாறுகிறது. ஒரு தகப்பனார் பல முறை சொன்னார். நாங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவரை வரவழைத்துக் கருத்தை அழிக்க வைத்தோம். அழிப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தவள் நான். இன்று அவர் மகள் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறாள். இன்னொரு பெண் தீவிர சிகிச்சையில் இருக்கிறாள்.'

அச்சான அந்த உத்தரவைப் படம் எடுத்து விடுதிப் பெண்களின் குழுவுக்கும் அனுப்பினாள். கீழே ஒரே வரி: 'உத்தரவுப்படி எல்லோரும் எழுதலாம். வெளியிடுவது என் பொறுப்பு.'

பெண்களுக்கு மட்டும் கை நன்றாகவே ஓடியது. குளித்தால் உடம்பு அரிப்பதைப் பற்றி எழுதினார்கள். பல் விளக்கவே பாட்டில் தண்ணீர் வாங்குவதைப் பற்றி எழுதினார்கள். ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் தங்கள் மஞ்சள் கண்களைப் படம் பிடித்துப் போட்டார்கள். மோகனப்பிரியா ஒவ்வொன்றையும் படித்து, ஒற்றுப்பிழைகூடத் திருத்தாமல் வெளியிட்டாள்.

முதல்வர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். "சூப்பர் மேடம். இவ்வளவு எப்படிக் கெடச்சுது?" என்று மட்டும் கேட்டார். தாளாளரிடமும் எண்ணிக்கைதான் போயிற்று.

தரச்சான்றுக் குழு வந்தது. தலைவர் வரலட்சுமி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியை. குட்டையான பெண்மணி. நாதஸ்வரம், சந்தன மாலை எல்லாவற்றையும் வேகமாகக் கடந்து வந்து உட்கார்ந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருந்தது.

தாளாளர் தானே எழுந்து விளக்கினார். "எங்களுக்கு விமர்சனம்னா உசுரு மேடம். யாரு வேணா என்ன வேணா சொல்லலாம். நாங்க எதையும் மறைக்கறதில்ல. நீங்களே பாருங்க."

திரையில் வலைப்பூ விரிந்தது. வரலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் கருத்தை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். மூன்றாவதைப் படிக்கவில்லை. கையில் எடுத்திருந்த தம்ளரை மேசையில் வைத்து, விரலால் தள்ளி வைத்தார். அவர் குழுவினரும் தள்ளி வைத்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மோகனப்பிரியா புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல்வர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. இப்போதைக்கு அச்சம் மட்டும்தான்.

"இதுக்கு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் வரலட்சுமி.

"உடனடியா குழு அமைச்சோமுங்க மேடம்" என்றார் முதல்வர்.

"குழு என்ன பண்ணுச்சு?"

"கருத்துகளை ஆராய்ஞ்சுதுங்க."

"தண்ணியை?"

முதல்வர் தாளாளரைப் பார்த்தார்.

"எனக்கு அந்த ஆஸ்டல் தண்ணித் தொட்டியைப் பாக்கணும்" என்று எழுந்தார் வரலட்சுமி.

சாப்பாடு தயார் என்றார்கள். அப்புறம் ஆகட்டும் என்றார். வெயில் அதிகம் என்றார்கள். பரவாயில்லை என்றார். சாவி எஸ்டேட் அலுவலரிடம் இருக்கிறது, அவர் ஆனைமலைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தொட்டி மூடிக்கு எதற்குச் சாவி என்று கேட்டார். கேட்டுக்கொண்டே நடந்தார்.

விடுதியின் பின்பக்கம், தரையோடு தரையாக இருந்தது தொட்டி. அதை ஒட்டி உணவகக் கழிப்பறையின் கழிவுக் குழாய் போனது. குழாய் ஓர் இணைப்பில் பிளந்து, அந்த இடத்தில் மண் கறுத்து ஊறிக் கிடந்தது. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த மாசாணம் என்பவரைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். நாதஸ்வரக்காரர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

தாளாளர் கைக்குட்டையை எடுத்தார். "இது எதிரிகளோட சதி" என்றார். கைக்குட்டைக்குள்ளிருந்து வந்ததால் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

சுகாதாரத் துறை வந்து தொட்டிக்கு சீல் வைத்தது. லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. புதுத் தொட்டிக்கு வேறு இடத்தில் குழி வெட்டினார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த பெண் பிழைத்துக்கொண்டாள். நந்திதாவுக்கு மஞ்சள் இறங்கி, ஒரு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டாள் என்று செங்கோடன் போன் செய்து சொன்னபோது, மோகனப்பிரியா பேருந்தில் எல்லோரும் பார்க்க அழுதாள்.

தரச்சான்றும் வந்தது. குடிநீர், சுகாதாரம் இரண்டிலும் பூஜ்யம். எதிர்மறைக் கருத்துகளை வெளிப்படையாக வெளியிட்டதற்கு முழு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாளாளர் விளம்பரத் தட்டியில் எழுதி வாயிலில் மாட்டினார். பாராட்டு விழா எடுத்து, மோகனப்பிரியாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். விழா முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு கண்ணு. எனக்கு ஒரே ஒரு வருத்தம். தண்ணி நாறுதுன்னு இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குது. ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? சொன்னா நான் கேக்க மாட்டனா?"

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதைப் பார்த்ததும்தான் மோகனப்பிரியாவுக்குப் பயம் போயிற்று.

"சொன்னாருங்க சார். ரொம்ப மரியாதையாவே சொன்னாருங்க."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, அவள் திறமைக்கு இந்தக் கல்லூரி சிறிய இடம் என்றும், இன்னும் பெரிய இடங்களுக்கு அவள் போக வேண்டும் என்றும், நாளையிலிருந்தே போகலாம் என்றும் சொன்னார்.

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடைசியாகக் கல்லூரிப் பேருந்தில் ஏறினாள். கருமத்தம்பட்டி தாண்டும்போது ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேசியவர் தன் பெயர் ரித்விக் என்றார். சின்னப் பையன் குரல், பதற்றமாக இருந்தது.

"மேடம், நெகட்டிவ் கமெண்ட் எல்லாம் நீங்க ரொம்ப நல்லா ஹேண்டில் பண்ணுவீங்கன்னு கேள்விப்பட்டோமுங்க. எங்க வெப்சைட் பக்கத்துல ஒண்ணு வந்து ரெண்டு நாளா ஒரே டென்சன். மேனேஜ்மெண்ட் மீட்டிங் மேல மீட்டிங் போடறாங்க. நீங்க வந்தாத் தேவலைங்க."

"என்ன கமெண்டுங்க?"

"பிரசவ வார்டுல ஃபேன் ஓடலையாம். கைக்குழந்தைக வேர்த்து அழுகுதுகளாம்."

"ஓடுதுங்களா?"

எதிர்முனையில் எங்கோ யாரோ லிப்டுக்காகக் கத்துவது கேட்டது.

"அதை… நாங்க யாரும் இன்னும் போய்ப் பாக்கலைங்க மேடம்." பிறகு, குரல் தாழ்ந்து, "ஒரு நிமிசம் லைன்ல இருங்க. பாத்துட்டு வாரேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தமும், நாற்காலி நகரும் சத்தமும், ஓடுகிற செருப்புச் சத்தமும் கேட்டன. மோகனப்பிரியா போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.